பழைய வேலிப் பூனை

என் மகள் புனிதத்தின் பிள்ளை இப்போது குப்புற விழுந்து, கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். அவனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று மனைவி பூரணம் சொல்லுவாள். அது உண்மைதான். முதல் பேரன். ஆனால் இங்கே சொல்ல வந்தது பக்கத்து வளவு மார்க்கண்டு அண்ணையின் கதை. பேரன் பிறந்த நாட்களோடு அது சேர்ந்து கிடக்கிறபடியால் இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

மார்க்கண்டு அண்ணை வண்டில்காரர். ஒற்றை மாட்டு வண்டில். மாட்டின் பெயர் மயிலை. நல்லூரில் எங்கள் ஒழுங்கைக்கு விறகு வந்தாலும் வைக்கோல் வந்தாலும் அவருடைய வண்டிலில்தான் வரும். கலியாண வீட்டுக் கிடாரமும், செத்த வீட்டுப் பந்தல் தடியும் அதே வண்டிலில்தான். யார் என்ன கேட்டாலும் "ஓம்" என்று ஏற்றிக்கொண்டு போவார். நெட்டையான ஆள். கதை குறைவு. பாரம் இழுக்கும்போது மயிலையோடு ஏதோ முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

அவருடைய மனைவி இறந்தபோது மகள் அருந்ததி நடைபழகும் பிள்ளை. இன்னொரு கலியாணம் செய்யச் சொல்லி எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். அவர் செய்யவில்லை. அந்தப் பெரிய முரட்டு விரல்களால் மகளுக்குத் தலை பின்னிவிடுவதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கோணல்மாணலாகத்தான் வந்தது. பிறகு எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளே "அருந்ததிக்குப் பின்னின மாதிரிப் பின்னிவிடுங்கோ" என்று தாயிடம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அருந்ததியை மலாயாவில் ரயில்வேயில் இருந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார். கப்பல் ஏறிப் போனாள். கொஞ்சக் காலம் சேதி ஒழுங்காக வந்தது. பிறகு உலகச் சண்டை தொடங்கியது. கடைசிக் கப்பல்களில் ஒன்றில் வந்த மானிப்பாய் மனிதர் ஒருவர், யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் இவரைக் கண்டு, "உம்மடை மோள் சுகமாய் இருக்கிறா. பிள்ளைத்தாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்துக்கொண்டான். ஒரு சொல்லும் வரவில்லை.

"ஏதும் சேதி வந்ததோ அண்ணை?" என்று ஒழுங்கையில் எல்லாரும் கேட்போம்.

"இல்லைத் தம்பி."

ஒரு வருசம் போனபிறகு கேட்பதை விட்டுவிட்டோம். கேட்காமல் விட்டது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வருத்தமாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஆடியில் புனிதம் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே பூரணத்தின் தமக்கை தங்கமுத்துவும் வந்து இறங்கினாள். தங்கமுத்து வந்தால் பிறகு வீட்டில் அவளுடைய சட்டம்தான். வந்த அன்றே வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு எனக்குக் கேட்கும்படி மனைவியிடம் சொன்னாள்.

"பூரணம், உன்ரை மனிசனிட்டைச் சொல்லு. வேலியெல்லாம் உக்கிப் போய்க் கிடக்கு. பிள்ளை பிறக்க முன்னம் அடைக்க வேணும். அந்தப் பொட்டையும் சேர்த்து அடைக்கச் சொல்லு. துடக்கு வீடு, கண்டது நிண்டது எல்லாம் பூர விடேலாது."

பொட்டு என்றால் வேலியில் விட்டிருக்கும் வழி. எங்கள் வளவுக்கும் மார்க்கண்டு அண்ணையின் வளவுக்கும் நடுவில் அப்படி ஒன்று இருந்தது. அவருடைய மனைவி இருந்த காலத்தில் நெருப்பு எடுக்கவும் உப்புக் கடன் வாங்கவும் பூரணமும் அவவும் அதால் போய்வருவார்கள். பிறகு அருந்ததி அதால் ஓடிவருவாள். அவள் போனபிறகு யாரும் அதைப் பாவிக்கவில்லை. மார்க்கண்டு அண்ணை எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் ஒழுங்கையால் சுற்றிப் படலைக்கு வந்து செருமிவிட்டுத்தான் நிற்பார். ஆகவே பொட்டை அடைக்கும்போது நானும் ஒன்றும் யோசிக்கவில்லை.

எப்படியும் நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் எல்லாரும் வேலி அடைக்கிற காலம்தான். பழைய பனையோலையை அவிழ்த்து முருங்கை மரத்தடியில் குவித்தோம். எங்கள் பக்கத்தில் அதையும் வீணாக்குவதில்லை. ஒரு வருசம் வெயிலும் மழையும் குடித்த ஓலை தோட்டத்துக்கு நல்ல பசளை. செம்பாட்டு மண்ணில் கானாக வெட்டிப் புதைத்துவிட்டால் புகையிலை செழித்து வரும். உடுவிலில் ஒரு தோட்டக்காரர் கேட்டிருந்தார். மார்க்கண்டு அண்ணை ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. வண்டில் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடக் கொல்லனிடம் கொடுத்திருந்ததால் குவித்த ஓலை சில நாள் அப்படியே கிடந்தது.

சில்லு வந்த அன்று மத்தியானம் ஓலையை ஏற்றினார். ஓலை பாரமில்லாத சாமான், ஆனால் இடத்தைப் பிடிக்கும். அதனால் ஏற்ற ஏற்ற வண்டிலுக்கு மேலே ஏறி நின்று மிதித்து இறுக்க வேண்டும். நான் அள்ளிக் கொடுத்தேன். அவர் மிதித்தார். அந்த வேலையில் அவரை வெல்ல ஆளில்லை. மற்றவர்கள் இரண்டு தரம் கொண்டுபோகிற ஓலையை அவர் ஒரே தரத்தில் கொண்டுபோவார். கயிற்றைப் போட்டு இறுக்கி, மயிலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் விடிய முருங்கை மரத்தடியில் ஒரு பூனை கத்திக்கொண்டு நின்றது. கள்ளப்பூனை. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி, ஒட்டிப்போன உடம்பு. வெறும் நிலத்தை மணந்து பார்க்கும். கத்தும். புது வேலியின் ஓரமாக ஓடிப் பார்க்கும். திரும்பி வந்து அதே இடத்தை மணக்கும். நான் கிட்டப் போனால் பல்லைக் காட்டிச் சீறியது.

வேலிக்கு மேலாக மார்க்கண்டு அண்ணையின் தலை தெரிந்தது. "தம்பி, உது என்ன சத்தம்?"

"ஏதோ கள்ளப்பூனை அண்ணை. பால் மடி கனத்துக் கிடக்கு. குட்டி போட்டிருக்குப் போலை."

"எங்கை போட்டது?"

நான் ஓலை குவிந்து கிடந்த இடத்தைக் காட்டினேன். அவர் அந்த வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டில் ஒழுங்கையில் போகும் சத்தம் கேட்டது. தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போயிருக்கிறார்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தார். நான் படலையடியில் நின்று மறித்தேன். வண்டிலில் ஒரு கை அள்ளல் பழைய ஓலை மட்டும் கிடந்தது.

"கண்டனீங்களோ அண்ணை?"

"மூண்டு. இன்னும் கண் திறக்கேல்லை. ரண்டு நான் மிதிச்சதிலை போட்டுது. ஒண்டு உயிரோடை கிடந்திருக்கு. தோட்டக்காரன்ரை மனிசி ஆட்டுப்பாலைத் திரியிலை தொட்டுத் தொட்டு வைச்சுப் பாத்தவவாம். விடிய அதுகும் செத்துப்போச்சு."

"தெரியாமல் நடந்தது. என்ன செய்யிறது?"

"ஓம், தெரியாமல்தான்." அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "ஆனால் காலுக்குத் தெரிஞ்சிருக்க வேணும் தம்பி. இவ்வளவு காலம் மிதிச்ச கால்."

"உந்த ஓலையை என்னத்துக்குத் திருப்பிக் கொண்டந்தனீங்கள்?"

"குட்டி கிடந்த ஓலை. மணம் கிடக்கும். பசுவுக்குக் கண்டுக்குட்டி செத்தால் அதின்ரை தோலுக்குள்ளை வைக்கலை அடைஞ்சு முன்னாலை நிப்பாட்டுறேல்லையோ? மாடு அதை நக்கிக்கொண்டு நிக்கும். பாப்பம், உதுகும் வருதோ எண்டு."

அந்த ஓலையை ஒரு பனையோலைக் கடகப் பெட்டியில் போட்டுத் தன் விறாந்தை மூலையில் வைத்தார். வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். பின்னேரம் பூனை முருங்கையில் ஏறி வேலிக்கு அந்தப் பக்கம் குதித்தது. கடகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தலையை உள்ளே விட்டது. காலால் ஓலையைக் கிளறியது. ஓலைக்குள் ஒன்றுமில்லை. கத்திக் கத்தி, கடைசியில் உள்ளே ஏறிச் சுருண்டு படுத்துவிட்டது. அவர் உள்ளேயிருந்து ஒரு அடி எடுத்து வைத்ததும் பாய்ந்து ஓடியது. ஆனால் அடுத்த நாளும் வந்தது.

அன்றிலிருந்து மார்க்கண்டு அண்ணைக்கு ஒரு வேலை கிடைத்தது. வண்டில் அவிழ்த்துவிட்டு வந்து, சண்டைக்காலக் கூப்பன் அரிசிச் சோற்றில் ஒரு கை எடுத்து, சூடை மீன் தலையைப் பிசைந்து சிரட்டையில் வைப்பார். கடகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பூனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். திரும்பிப் பார்க்கமாட்டார். வெள்ளிக்கிழமை அவர் சைவம். அன்றைக்குப் பூனைக்கும் வெறும் சோறுதான். அது மணந்துவிட்டு அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசியில் அதையும் தின்னும்.

"ஏன் அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறியள்?" என்று வேலிக்கு மேலாலே கேட்டேன்.

"புது நாம்பன் மாட்டைப் பழக்கேக்கையும் இப்பிடித்தான். முகத்துக்கு நேரை போகப்படாது. பயந்த சீவனுக்கு எங்கடை கண் பெரிசாய்த் தெரியும். முதுகிலை என்ன கிடக்கு? அது தன்ரை பாட்டிலை வந்து மணந்து பாக்கட்டும்."

சந்திக் கடை நமசிவாயத்துக்கு இந்தச் சேதி எப்படியோ போய்விட்டது. மார்க்கண்டு அண்ணை மண்ணெண்ணெய்க்குப் போனபோது நானும் அங்கே நின்றேன்.

"என்ன மார்க்கண்டு, பூனைக்கும் கூப்பன் எடுத்தாச்சோ?"

"எடுக்கத் தேவையில்லை. உம்மடை கடை எலி தின்னுறதிலை கால்வாசியும் அது தின்னாது."

நின்றவர்கள் சிரித்தார்கள். நமசிவாயம் விடவில்லை. "சரி, மூக்கிலை நாணயக்கயிறு எப்ப குத்தப் போறீர்? வண்டிலிலை கட்டினால் மயிலைக்கு ஒரு சோடி ஆகும்."

"அது வந்து கேட்டால் குத்துறன்" என்று போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் அப்படிப் பகிடிக்குப் பகிடி சொல்லி நான் கேட்டு வெகு காலம்.

சிரட்டை ஒவ்வொரு நாளும் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. பிறகு சிரட்டைக்குப் பக்கத்தில் கையைப் பின்பக்கமாக ஊன்றி வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பார். நுளம்பு கடித்தாலும் கையை எடுக்கமாட்டார். ஒரு நாள் அந்தக் கையைப் பூனை கிழித்துவிட்டது. மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு அடுத்த நாளும் அதே கையை வைத்தார். பிறகு ஒரு பின்னேரம் அவரே வேலியடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இண்டைக்குச் சோத்தைத் தின்னமுதல் வந்து என்ரை கையை மணந்தது. மணந்திட்டு நெத்தியாலை ஒருக்கால் இடிச்சது. ஒருக்கால்தான். பிறகு ஓடிட்டுது. நான் திரும்பேல்லை."

முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த வீட்டில் அவரைத் தேடி ஒரு சீவன் வந்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் நான் நினைத்துப் பார்த்தேன்.

அந்தக் கிழமைதான் என் பேரன் பிறந்தான். நான் பட்ட சந்தோசத்தை எழுதினால் உங்களுக்கு அலுத்துப்போகும். சீனிக்குத் தட்டுப்பாடு என்றபடியால் பனங்கட்டிக் குட்டான் வாங்கி ஒழுங்கை முழுக்கக் கொடுத்தேன். மார்க்கண்டு அண்ணைக்கு வேலிக்கு மேலால் நீட்டினேன்.

"ஆம்பிளைப் பிள்ளையோ? நல்லது. தாய் சுகமோ?"

"சுகம் அண்ணை. ஏழு றாத்தலுக்குக் குறையாது எண்டு மருத்துவிச்சி சொல்லுறா. மூக்கு என்னைப் போலை."

"தாய் நல்லாய்க் கதைக்கிறாவோ?"

"ஓம் ஓம். தலைமயிரைப் பாக்க வேணும் நீங்கள், கருகரு எண்டு…"

"காய்ச்சல் ஒண்டும் இல்லையே தாய்க்கு?"

மூன்றாம் தரமும் தாயைத்தான் கேட்கிறார் என்று எனக்கு உறைத்தது. பனங்கட்டியைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் பேரன் பலமாக அழுதான். பச்சைப்பிள்ளையின் அழுகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடகத்தில் படுத்திருந்த பூனை அந்தச் சத்தம் கேட்டதும் அம்பு போல எழும்பியது. பழைய பொட்டு இருந்த இடத்துக்கு ஓடியது. அங்கே புது ஓலை. முருங்கையில் ஏறிக் குதித்து, யன்னலால் அறைக்குள் போய், புனிதத்தின் கட்டிலுக்குக் கீழே நின்று கத்தத் தொடங்கிவிட்டது. மேலே பேரன் கத்துகிறான், கீழே பூனை கத்துகிறது. தங்கமுத்து விளக்குமாற்றோடு பாய்ந்தாள்.

"அடி சனியனே! போ வெளியாலை! பூனைமயிர் பட்டால் பச்சைப்பிள்ளைக்கு இழுப்பு வந்திடும் பூரணம்! கதவைச் சாத்து! யன்னலைச் சாத்து!"

துரத்தினால் போகும். பிள்ளை அழுதால் திரும்ப வரும். யன்னலைச் சாத்தினால் கூரைக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து வரும். தங்கமுத்துவுக்கு நித்திரையும் இல்லை, எங்களுக்கு நிம்மதியும் இல்லை. கடைசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பூரணம், உன்ரை மனிசனிட்டைச் சொல்லு. அந்த மார்க்கண்டண்ணை சோத்தைக் குடுத்துப் பழக்கினபடியாலைதானே உது இஞ்சை நிக்குது. அவரே சாக்கிலை கட்டி வண்டிலிலை ஏத்தி, வல்லைவெளி தாண்டி விட்டிட்டு வரட்டும்."

"அக்கை, அவர் பாவம்…" என்றாள் பூரணம்.

"பிள்ளைக்கு ஒண்டு வந்தால் ஆர் பாவம்?"

நான் வேலியடிக்குப் போனேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பிள்ளைப்பெத்த வீடு. பிழை சொல்லேலாது" என்றார். "ஞாயிற்றுக்கிழமை உடுப்பிட்டிக்கு ஒரு வைக்கல் பாரம் கிடக்கு. வல்லைவெளியாலைதான் போகவேணும்." பிறகு, "அது உன்ரை பேரனைத் தேடி வரேல்லைத் தம்பி. தன்ரை குட்டி அழுகுது எண்டுதான் வருது. ஒரு குட்டியைக் கொண்டந்து விட்டால் வராது. ஞாயிறு மட்டும் பொறுங்கோ. அதுக்கிடையிலை ஒண்டு பிடிச்சிடுவன்" என்றார்.

போகிற வழியெல்லாம் கேட்டார். உடுவில் தோட்டங்களில் கேட்டார். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிற பெண்களிடம் கேட்டார். "பூனைக்குட்டி கேட்டு வாற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். போன மாதம் வந்திருந்தால் கடகம் நிறையத் தந்திருப்பன், அண்ணை" என்று ஒருத்தி சொன்னாளாம். சனிக்கிழமை பின்னேரம் வெறும் வண்டிலோடு வந்தார்.

ஞாயிறு விடிய வைக்கோல் ஏற்றி முடிந்தது. நான் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றேன். விறாந்தையில் பூனை சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. அவர் பின்னால் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். அதற்கு முதல் அவர் ஒரு நாளும் அதைத் தூக்கியதில்லை. கீறும், கடிக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அது அவருடைய நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. அதைக் கண்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பிவிட்டேன். கடகத்தில் பழைய ஓலையோடு சேர்த்து வைத்து, மேலே சாக்கைப் போட்டுக் கட்டி, தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார் என்று பூரணம் பிறகு சொன்னாள்.

"போட்டுதோ? அப்பாடா" என்றாள் தங்கமுத்து. பேரன் அழுதான். யன்னலைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. பக்கத்து விறாந்தையில் சிரட்டை மட்டும் கிடந்தது, அரைவாசிச் சோறு அப்படியே இருந்தது.

பொழுது சாய வண்டில் வந்தது. நான் ஓடிப்போய்ப் படலையைத் திறந்துவிட்டேன். அவர் வண்டிலிலிருந்து இறங்கவில்லை. பக்கத்தில் கடகம் அப்படியே இருந்தது.

"விடேல்லையோ அண்ணை?"

"விட்டனான். வல்லைவெளியிலை நிப்பாட்டிச் சாக்கை அவிட்டுவிட்டன். ஒரு மரம் இல்லை, மறைவு இல்லை. காத்து மட்டும். இறங்கிச் சுத்திப் பாத்திட்டு வண்டிலுக்குக் கீழை நிழலிலை வந்து படுத்திட்டுது. மயிலையின்ரை காலுக்கை. நான் 'போ' எண்டன். என்னைப் பாத்துது. அப்பிடி ஒரு வெளியிலை ஒண்டை எப்பிடித் தம்பி விட்டிட்டு வாறது?"

"அப்ப தங்கமுத்து…"

"பொறு. உடுப்பிட்டியிலை வைக்கல் இறக்கேக்கை அந்த வீட்டு மனிசியிட்டையும் கேட்டன். 'தாயை நாய் கடிச்சுப் போட்டுது, ஒரு குட்டி கிணத்தடியிலை கிடந்து நாள் முழுக்கக் கத்துது, கொண்டு போங்கோ புண்ணியமாய்ப் போகும்' எண்டா. அந்தப் பழைய ஓலையாலை நல்லாய்த் துடைச்சுப்போட்டுக் கடகத்துக்கை வைச்சன். இவள் குட்டியைப் பாத்துச் சீறினாள். கன்னத்திலை ஒரு அடியும் போட்டாள். பிறகு நான் பாக்கேல்லை. முன்னுக்குப் பாத்துக்கொண்டு வண்டிலை விட்டன். வல்லைப் பாலத்தடியிலை வரேக்கை சத்தம் நிண்டிட்டுது. செத்துப் போச்சோ எண்டு பயந்து திரும்பிப் பாத்தன்."

சாக்கை விலக்கிக் காட்டினார். வெள்ளைக் குட்டி ஒன்று, எலியை விடக் கொஞ்சம் பெரிசு, பூனையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. பூனை அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது. பால் இருந்ததோ இல்லையோ, குட்டி விடாமல் இழுத்தது.

தங்கமுத்துவிடம் சொன்னேன். நம்பவில்லை. அடுத்த நாள் பேரன் அழத் தொடங்கியதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு யன்னலடியில் போய் நின்றாள். பக்கத்து விறாந்தையில் பூனை காதை நிமிர்த்தியது. தலையைத் தூக்கியது. பிறகு குட்டிக்கு மேலே முன்காலைப் போட்டு, தலையை வைத்துப் படுத்துவிட்டது. பேரன் அழுது முடியுமட்டும் தங்கமுத்து அப்படியே நின்றாள். பிறகு குசினிக்குள் போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்தாள். புனிதத்துக்குச் சரக்குக்கறி வைக்க வாங்கிய மீனின் தலைகள்.

"பூரணம், உன்ரை மனிசனிட்டைச் சொல்லு. உதை வேலிக்கு மேலாலை குடுக்கட்டாம். எங்கடை பிள்ளைப்பெத்தவளுக்குத் தலை கூடாது. அங்கை கிடக்கிற பிள்ளைப்பெத்தவள் தின்னட்டும்."

பூனை பிறகு வரவில்லை. ஆனால் பேரன் அழும்போதெல்லாம் வேலி ஓலை மெல்லச் சரசரக்கும். பூனைதான் என்று தங்கமுத்து ஒரு பின்னேரம் விளக்குமாற்றோடு போய், "ஆரது உங்கை?" என்று அதட்டினாள்.

"நான்தான் பிள்ளை" என்றது மார்க்கண்டு அண்ணையின் குரல். "ஒண்டுமில்லை. பிள்ளை அழுது கேட்டுது. அதுதான்."

தங்கமுத்து உள்ளே வந்து விளக்குமாற்றை மூலையில் வைத்தாள். அன்றைக்கு அவள் யாரையும் ஏசவில்லை.

பிள்ளை பிறந்த துடக்குக் கழிந்த அன்று ஐயர் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனதும் நான் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். பொட்டு இருந்த இடத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்து ஓலையை இழுத்தேன். சத்தம் கேட்டு மார்க்கண்டு அண்ணை வந்தார்.

"ஏன் தம்பி, நல்ல புது ஓலையை வெட்டுறாய்?"

"பூனைக்கு."

"பூனை முருங்கையாலை வருந்தானே. அதுக்கு ஏன் இவ்வளவு பெரிசு?"

நான் நெஞ்சளவுக்கு வெட்டினேன். பிறகு உள்ளே போய்ப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து பொட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் தோளில் கிடந்த துண்டால் இரண்டு கையையும் துடைத்தார். ஒருக்கால் துடைத்தது போதாமல் இன்னொருக்கால் துடைத்தார். குனிந்து வந்தார். பிள்ளையை வாங்கும்போது கழுத்துக்குக் கீழே கையைக் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேரன் அழவில்லை. அவருடைய மீசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். புனிதம் கதவடியில் வந்து நின்றாள்.

"தாய் சுகமோ?" என்று அவளையே கேட்டார்.

"சுகம், பெரியப்பா."

அவர் பேரனின் நெற்றியை ஒரு விரலால் தடவினார். பிறகு பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என்னைக் கேட்டார்.

"தம்பி, அங்கை அருந்ததியின்ரை பிள்ளை இப்ப இதிலும் பெரிசாய் வளந்திருக்கும். நடக்கும். எங்கடை ஆக்கள் ஆரும் அங்கை கிட்ட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சீனரோ மலாயரோ தெரியாது. அழுதால் இப்பிடி ஆராவது வாங்கித் தூக்குவினமோ?"

"தூக்குவினம் அண்ணை."

"தூக்குவினம், என்ன?"

"ஓம் அண்ணை. பிள்ளை அழுதால் ஆர்தான் கேட்டுக்கொண்டு இருப்பினம்?"

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரோ என்னவோ. பிள்ளையைப் புனிதத்திடம் கொடுத்துவிட்டு, பொட்டால் குனிந்து தன் வளவுக்குப் போனார். சண்டை இன்னும் முடியவில்லை. சேதி இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன், அவரும் ஒவ்வொரு நாளும் இல்லை என்கிறார்.

பொட்டு வெட்டிய அன்று வெள்ளிக்கிழமை. விறாந்தையில் பூனையும் குட்டியும் அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தன. சிரட்டையில் வெறும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "இண்டைக்கு மீன் இல்லையடி பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகைக் காட்டவில்லை.